சுவிட்சுக்கு இரண்டு பவர் சப்ளை: எங்கே காப்பாற்றும், எங்கே ஏமாற்றும்

நெட்வொர்க் ரேக்கின் பின்கதவைத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டர், கேமரா, போன் இவற்றின் நெட்வொர்க் கேபிளெல்லாம் வந்து சேரும் பெட்டிதான் சுவிட்ச். அது கொஞ்சம் விலை கூடிய மாடலாக இருந்தால் அதில் இரண்டு பவர் சப்ளை இருக்கும். இரண்டிலிருந்தும் கறுப்புக் கார்டு (பவர் வயர்) தொங்கும். அந்தக் கார்டுகளைக் கையால் பிடித்துக்கொண்டே கீழே போனால், பல ஆபீஸ்களில் இரண்டும் போய்ச் சேருவது ஒரே ஸ்பைக் பஸ்டரில். பெருக்க வருகிறவரின் துடைப்பம் அதன் சிவப்புப் பட்டனில் பட்டால் போதும். தனியாகக் காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது சப்ளையும் முதல் சப்ளையோடு சேர்ந்தே அணையும்.

பெட்டிக்குள் இரண்டு சப்ளை இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். ஒன்று போனால் மிச்சமிருக்கும் ஒன்று முழு லோடையும் தாங்குமா? இரண்டு கார்டுகளும் இ.பி. மீட்டரை நோக்கிப் போகும் வழியில் எங்கே ஒன்றாகச் சேர்கின்றன? முதல் கேள்விக்குக் கால்குலேட்டர் வேண்டும், இரண்டாவதற்கு டார்ச் லைட் வேண்டும்.

(கீழே சுவிட்ச் என்று வரும் இடமெல்லாம் நெட்வொர்க் சுவிட்ச்தான். எலக்ட்ரீஷியனோடு பேசும்போது மட்டும் ‘நெட்வொர்க் சுவிட்ச்’ என்று முழுசாகச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் சுவரில் புதிதாக ஒரு சுவிட்ச் முளைத்திருக்கும்.)

உள்ளே நடப்பது

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் ஏ.சி. சுவிட்சின் போர்டுக்கு வேண்டியது குறைந்த வோல்ட் டி.சி., பெரும்பாலும் 12 வோல்ட். நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கும் போனுக்கும் மின்சாரம் கொடுக்கும் பி.ஓ.இ. சுவிட்ச் என்றால், அதற்குத் தனியாக 50 வோல்ட்டுக்கு மேல் ஒரு டி.சி. லைன் வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் பவர் சப்ளையின் வேலை.

இரண்டு சப்ளைகளின் வெளியீடும் சுவிட்சுக்குள் ஒரு பொது லைனில் சேர்கிறது. நேராகச் சேர்வதில்லை, ஒவ்வொன்றும் ஒரு எலக்ட்ரானிக் கதவு வழியாக வருகிறது. மொட்டைமாடித் தொட்டிக்கு இரண்டு மோட்டார் போட்டு, ஒவ்வொரு பைப்பிலும் நான்-ரிட்டர்ன் வால்வு வைப்பது போல. ஒரு மோட்டார் நின்றாலோ அதன் பைப் உடைந்தாலோ, இன்னொரு மோட்டார் ஏற்றும் தண்ணீர் அந்த வழியாகத் திரும்பி ஓடாது. அதேபோல், ஒரு சப்ளை உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும் மற்றொன்றை இழுத்துக் கீழே தள்ளாது.

சாதாரண நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி லோடு எடுக்கும். ஒன்று போனதும் மற்றொன்று அந்த நொடியே முழுசையும் எடுத்துக்கொள்ளும். அந்த மிகச் சிறிய இடைவெளியை, கொஞ்சம் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் சமாளித்துவிடும். சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆகாது, ஒரு பிங் (இணைப்பு இருக்கிறதா என்று சோதிக்கும் சின்னச் செய்தி) கூடத் தவறாது. ரேக்குக்கு வெளியே வைக்கும் பல மாற்று ஏற்பாடுகளுக்கு இந்த வேகம் கிடையாது.

இதெல்லாம், மிச்சமிருக்கும் ஒன்றுக்கு முழு லோடையும் தாங்கும் திறன் இருந்தால்தான்.

வாட் கணக்கு

பி.ஓ.இ. இல்லாத 48 போர்ட் (கேபிள் செருகும் துளை) சுவிட்ச் தனக்கென்று எடுப்பது சில பத்து வாட்டிலிருந்து நூற்றுச் சொச்சம் வாட் வரைதான். அங்கே ஒரு சப்ளை தாராளமாகப் போதும். இரண்டாவது உண்மையிலேயே ஸ்பேர். சிக்கல் தொடங்குவது பி.ஓ.இ. வரும்போது.

பி.ஓ.இ.க்கு மூன்று தலைமுறை உண்டு. 2003இல் வந்த 802.3ஏஎஃப் ஒரு போர்ட்டில் 15.4 வாட் தரும். 2009இல் வந்த 802.3ஏடி 30 வாட் தரும், பி.ஓ.இ. பிளஸ் என்று கடையில் சொல்வது இதைத்தான். 2018இல் வந்த 802.3பிடி 60, 90 வாட் வரை போகும். இவை சுவிட்ச் முனையில் அளக்கும் அளவுகள். 100 மீட்டர் கேபிளில் கொஞ்சம் சூடாகப் போய்விடும் என்பதால், மறுமுனைக் கருவிக்கு உறுதியாகக் கிடைப்பது முறையே 12.95, 25.5, 51, 71.3 வாட்.

48 போர்ட்டிலும் 30 வாட் கொடுக்க வேண்டும் என்றால் 1,440 வாட். எந்தப் பெரிய சுவிட்சும் ஒரு சாதாரண சப்ளையை வைத்து இதைத் தந்துவிடாது. சப்ளை மீது எழுதியிருக்கும் வாட்டும் போர்ட்டுகளுக்குக் கிடைக்கும் வாட்டும் வேறு வேறு. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 வரிசையில் 24 போர்ட் பி.ஓ.இ. பிளஸ் மாடலை எடுத்துக்கொள்வோம். அதோடு வரும் சப்ளை 715 வாட். ஆனால் போர்ட்டுகளுக்கு ஒதுக்கக் கிடைப்பது 445 வாட். மீதியைச் சுவிட்ச் தன் போர்டு, ஃபேன், மாட்யூல்களுக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறது. இன்னொரு 715 வாட் சப்ளையைச் செருகினால் 720 வாட் கிடைக்கும். 24 போர்ட்டிலும் முழு 30 வாட்.

ஏமாற்றம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அந்த 720 வாட் இரண்டு சப்ளைகளும் கூடிக் கொடுப்பது. இப்படிக் கூட்டிக் கொடுக்கும் முறைக்கு ஷேரிங் அல்லது கம்பைண்ட் என்று பெயர். ஒன்று உழைக்க இன்னொன்றின் திறன் முழுவதையும் ஒதுக்கி வைக்கும் முறைக்கு ரிடன்டன்ட் என்று பெயர். 9300 வரிசையில் யாரும் மாற்றாவிட்டால் இருப்பது ஷேரிங் முறைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி), ஒவ்வொன்றுக்கும் 30 வாட் ஒதுக்கீடு: 300. 10 கேமரா, ஒவ்வொன்றுக்கும் 15.4 வாட்: 154. 4 ஐ.பி. போன், ஒவ்வொன்றுக்கும் 7 வாட்: 28. மொத்தம் 482 வாட். ஒரு சப்ளை தரும் 445ஐத் தாண்டிவிட்டது. இரண்டு சப்ளைகள் இருப்பதால் எல்லாம் பச்சையாக எரியும். வாடிக்கையாளரும் கையெழுத்துப் போட்டு வேலையை ஏற்றுக்கொள்வார். இரண்டு வருஷம் கழித்து ஒரு சப்ளை போகும் அன்று, சுவிட்ச் 37 வாட்டை எங்கிருந்தாவது வெட்டியாக வேண்டும். இரண்டு அக்சஸ் பாயின்ட் அணையும், அல்லது மூன்று கேமரா அணையும். எது அணையும் என்பதைப் போர்ட் முன்னுரிமை முடிவு செய்யும். யாரும் அதைத் தொடாமல் விட்டிருந்தால் எல்லாப் போர்ட்டும் ‘லோ’ என்றே இருக்கும். பல மாடல்களில் அப்போது பெரிய எண்ணுள்ள போர்ட் முதலில் போகும். கடைசிப் போர்ட்டுகளில் மெயின் கேட் கேமராவைச் செருகியிருந்தால் அதுதான் முதல் பலி.

அந்தக் கருவிகள் உண்மையில் அவ்வளவு மின்சாரத்தை எடுப்பதே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அக்சஸ் பாயின்ட் 14 வாட், கேமரா 7 வாட், போன் 3 வாட் என்று வைத்தால் மொத்தம் 222 வாட்தான். ஆனால் கருவி இணையும்போது ‘நான் இந்த வகுப்பு’ என்று சொல்கிறது. நான்காம் வகுப்பு என்றால் 30 வாட்டை எடுத்துத் தனியே வைத்துவிடுகிறது சுவிட்ச். எல்.எல்.டி.பி. (கருவிகள் தங்களைப் பற்றி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் முறை) நெறியில் பேசித் தன் தேவையைக் குறைத்துச் சொல்லத் தெரிந்த கருவியானால் ஒதுக்கீடும் குறையும். தெரியாத கருவிக்கு அந்தப் போர்ட்டில் நாமே உச்ச அளவைக் கட்டிவிடலாம். கேமராவுக்கு அளவு கட்டும்போது பகலில் பார்த்த எண்ணை நம்ப வேண்டாம். ராத்திரி இன்ஃப்ராரெட் எரியும்போதுதான் அது முழுப்பசியில் இருக்கும். சுழலும் கேமராக்களுக்கு மோட்டார் ஓடும் நேரத்தின் அளவை எடுங்கள்.

எங்கள் பரிந்துரை, தொடக்கத்திலேயே சுவிட்சை ரிடன்டன்ட் முறைக்கு மாற்றிவிடுவது. அப்போது 445 வாட்டைத் தாண்டும் கருவியைச் செருகும் அன்றே சுவிட்ச் மறுக்கும். சப்ளை எரியும் நாளில் தெரியவேண்டிய குறை, வயரிங் நாளிலேயே, எல்லோரும் கூடி நிற்கும்போதே தெரிந்துவிடும். பெரிய சப்ளையாக மாற்றுவதா, கருவிகளை இன்னொரு சுவிட்சுக்குப் பிரிப்பதா என்று அப்போதே பேசி முடிவெடுக்கலாம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் உண்டு: இருக்கும் வாட்டைப் பயன்படுத்தாமல் பூட்டி வைப்பதா என்று கேட்பார்கள். அவர்கள் வழியில் போனால் போர்ட் முன்னுரிமையையாவது உட்கார்ந்து எழுதிவிட வேண்டும். கேட் கேமரா, ரிசப்ஷன் போன், ஆஸ்பத்திரி என்றால் நர்ஸ் ஸ்டேஷன் போன், இவை ‘கிரிட்டிக்கல்’. கேன்டீன் வைஃபை ‘லோ’.

இரண்டு கார்டுகளும் எங்கே சேர்கின்றன

இப்போது டார்ச் லைட் வேலை. சுவிட்சிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போங்கள்: கார்டு, பவர் ஸ்ட்ரிப், யூ.பி.எஸ்., அந்த யூ.பி.எஸ்.ஸின் எம்.சி.பி. (லோடு கூடினால் தானாக விழும் பிரேக்கர்), அது இருக்கும் டி.பி. பாக்ஸ், ஃபேஸ், மெயின் போர்டு, ஜெனரேட்டர் சேஞ்ச் ஓவர், மீட்டர். ஏ பாதை, பி பாதை என்று இரண்டு பத்தியாகத் தாளில் எழுதுங்கள். இரண்டு பத்தியிலும் ஒரே பெயர் வரும் முதல் இடம்தான் உங்கள் பலவீனம். அதற்கு முன்னால் உள்ள எது போனாலும் சுவிட்ச் பிழைக்கும். அந்த இடம் போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

சேரும் இடமே இல்லாமல் செய்ய முடியாது. கடைசியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரிலோ ஜெனரேட்டரிலோ சேர்ந்தே தீரும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு அது போதும். ஸ்பைக் பஸ்டரில் சேர்வதுதான் கூடாது.

யூ.பி.எஸ். ஒன்றுதான் இருக்கிறது என்றால் என்ன செய்வது? இரண்டு கார்டுகளையும் அதிலேயே செருகத்தான் கை போகும். அப்படிச் செய்தால் யூ.பி.எஸ். பழுதாகும் அன்று, சுவரில் நல்ல கரண்ட் இருந்தும் சுவிட்ச் இருட்டில் கிடக்கும். யூ.பி.எஸ்.ஸும் ஒரு கருவிதானே, அதுவும் பழுதாகும். பேட்டரி மாற்றும் நேரத்திலும் அணையும். அதனால் ஒரு கார்டு யூ.பி.எஸ்.ஸில், இன்னொன்று நேரடி இ.பி. லைனில், நடுவில் ஒரு நல்ல சர்ஜ் புரொடெக்டர். கரண்ட் போனால் யூ.பி.எஸ். காக்கும், யூ.பி.எஸ். போனால் இ.பி. காக்கும். லோ வோல்டேஜும் ஏற்ற இறக்கமும் அதிகமுள்ள ஊரில் அந்த இரண்டாவது சப்ளை கொஞ்சம் அடிவாங்கும்தான். போனாலும் போவது அந்த ஒரு சப்ளை, சுவிட்ச் அல்ல.

இந்த ஏற்பாட்டில் ஒரு எண் பொய் சொல்லும். ரேக்கின் மொத்த லோடு 600 வாட், யூ.பி.எஸ். 1 கே.வி.ஏ., 900 வாட் தரக்கூடியது என்று வைப்போம். இரண்டு சப்ளைகளும் பாதிப் பாதி எடுப்பதால் யூ.பி.எஸ். திரையில் 300 வாட், 33 சதவீதம் என்று காட்டும். பேக்கப் 40 நிமிஷம் என்றும் சொல்லும். கரண்ட் போனதும் நேரடி லைனில் இருந்த சப்ளை அணைகிறது. 600 வாட்டும் யூ.பி.எஸ். தலையில் விழுகிறது. லெட் ஆசிட் பேட்டரி வேகமாக இழுக்கப்பட்டால் அதன் கொள்ளளவே குறையும் என்பதால், 40 நிமிஷம் 20 ஆவதோடு நிற்காது, அதற்கும் கீழே போகும். பேக்கப்பை எப்போதும் முழு லோடு வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

இரண்டு யூ.பி.எஸ். இருந்தால் விதி எளிது: ஒவ்வொன்றும் தனியாக முழு ரேக்கையும் தாங்க வேண்டும். ஆகவே சாதாரண நாளில் இரண்டும் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்று ஃபேஸ் வரும் கட்டடம் என்றால் ஒன்றை ஆர் ஃபேஸிலும் மற்றொன்றை ஒய் ஃபேஸிலும் போடுங்கள். தெருவில் ஒரு ஃபேஸ் மட்டும் போவது நமக்குப் புதிதல்ல. இப்படிப் போட்டால் ஒரே ரேக்குக்குள் இரண்டு ஸ்ட்ரிப்புகளுக்கும் இடையே 400 வோல்ட் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஏ ஸ்ட்ரிப்புக்குச் சிவப்பு, பி ஸ்ட்ரிப்புக்கு நீலம் என்று டேப் சுற்றி, கார்டின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டுங்கள். இரண்டு யூ.பி.எஸ்.களின் அவுட்புட்டையோ நியூட்ரலையோ ஒருபோதும் ஒன்றாக இணைக்கக் கூடாது.

எம்.சி.பி. செய்யும் வேலை

இரண்டு பாதைகளிலும் 16 ஆம்பியர் எம்.சி.பி. இருக்கிறது. ரேக்கில் நான்கு பெரிய பி.ஓ.இ. சுவிட்ச், மொத்தம் 4,800 வாட், அதாவது 21 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. பாதைக்கு 10 ஆம்பியர் சொச்சம் ஓடுகிறது, இரண்டு எம்.சி.பி.யும் அசையாமல் நிற்கின்றன. ஏ பாதை போன அன்று 21 ஆம்பியரும் பி பாதையின் 16 ஆம்பியர் எம்.சி.பி. வழியாகப் போகிறது. அது உடனே விழாது. எம்.சி.பி.யின் வெப்பப் பட்டை சூடேறி வளைய நேரம் பிடிக்கும். சில நிமிஷத்திலோ அரை மணியிலோ ட்ரிப் ஆகலாம். ஒரு சப்ளையைக் கழற்றி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு ‘ஓகே’ சொன்னவர் கிளம்பி, பஸ் ஏறியிருப்பார்.

கணக்கு இப்படி வையுங்கள். தொடர்ந்து ஓடும் லோடுக்கு எம்.சி.பி.யில் 80 சதவீதம்தான், 16க்கு 12.8 ஆம்பியர். அதில் பாதி 6.4 ஆம்பியர், கிட்டத்தட்ட 1,470 வாட். சாதாரண நாளில் ஒரு பாதையில் இதற்கு மேல் போகக் கூடாது. வீட்டு வகை 6 ஆம்பியர் சாக்கெட்டில் பி.ஓ.இ. ரேக்கைத் தொங்கவிடுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்.சி.சி.பி. இன்னொரு மறைவான சேருமிடம். ஒவ்வொரு பவர் சப்ளையும் தன் ஃபில்டர் வழியாக எர்த்துக்குக் கொஞ்சம் கசிய விடும். ஒரு மில்லி ஆம்பியர் அளவு சகஜம், 3.5 மில்லி ஆம்பியர் வரை தரம் அனுமதிக்கிறது. சப்ளைகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் கசிவும் இரட்டிப்பாகும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15ஐத் தாண்டினாலே விழலாம். எந்தப் பழுதும் இல்லாமல் மாதத்துக்கு ஒருமுறை ரேக் அணைகிறது என்று கூப்பிட்டால், முதலில் இதைப் பாருங்கள். ஆர்.சி.சி.பி.யை நீக்குவது விடையல்ல. ஏ, பி பாதைகளுக்குத் தனித்தனியாகப் போடுவதுதான் விடை.

ஒற்றைக் கார்டு கருவிகள்

இத்தனையும் செய்த பிறகு இன்டர்நெட் அணையும். காரணம், ஃபைபர் மோடமின் 12 வோல்ட் அடாப்டர் ஒரு மூலையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும். அல்லது ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வர்ட்டரின் 5 வோல்ட் அடாப்டர். இரட்டைச் சப்ளையுள்ள சுவிட்ச் உயிரோடு இருக்கும். ஆனால் பேச எதிரே ஆள் இல்லை. ரேக்கில் இருக்கும் கருவிகளைப் பட்டியலிடும்போது தீப்பெட்டி அளவுள்ளதையும் விடாதீர்கள்.

ஒற்றைக் கார்டு கருவிகளுக்கு ஏ.டி.எஸ். என்ற தானியங்கி மாற்றுப் பெட்டி உண்டு. இரண்டு இன்புட், ஒரு அவுட்புட் ஸ்ட்ரிப். ரேக்கில் ஒரு யூனிட் உயரம். ஏ போனால் பி பக்கம் தாவும். தாவ 10 முதல் 16 மில்லி நொடி ஆகும். சாதாரண கம்ப்யூட்டர் பவர் சப்ளை அவ்வளவு நேரம் மூச்சுப் பிடிக்கும். மலிவான அடாப்டர் பிடிக்காமலும் போகலாம், வாங்கியதும் சோதித்துப் பாருங்கள். இரண்டு கார்டு உள்ள சுவிட்சை மட்டும் ஏ.டி.எஸ்.ஸுக்குப் பின்னால் செருகாதீர்கள். அந்தப் பெட்டியே புதிய சேருமிடம் ஆகிவிடும்.

பி.ஓ.இ. கருவிகளுக்குத் தனி அடாப்டர் வேண்டாம் என்பதே பெரிய வசதி. சுவிட்ச் உயிரோடு இருக்கும்வரை கேமராவும் போனும் இருக்கும். ஆனால் அவை சுவிட்சின் மதர்போர்டையும் நம்பியிருக்கின்றன. எத்தனை சப்ளை போட்டாலும் போர்டு ஒன்றுதான். ஒரு நீண்ட தாழ்வாரத்தில் எட்டு அக்சஸ் பாயின்ட் இருந்தால் 1, 3, 5, 7 ஒரு சுவிட்சிலும், 2, 4, 6, 8 மற்றொன்றிலும் செருகுங்கள். ஒரு சுவிட்ச் முழுசாகப் போனாலும் சிக்னல் பலவீனமாகும், அணையாது. செலவே இல்லாத காரியம், கேபிள் போடும்போது யோசித்தால் போதும். சில உயர்வகை அக்சஸ் பாயின்ட்களில் இரண்டு பி.ஓ.இ. போர்ட் இருக்கும், அவற்றை இரண்டு சுவிட்சுகளிலிருந்து இழுக்கலாம்.

மில் பேனலுக்குள்: டி.சி. சுவிட்ச்

தொழிற்சாலைப் பேனல், சாலையோரப் பெட்டி இவற்றில் இருக்கும் டின் ரயில் (பேனலுக்குள் உள்ள உலோகப் பட்டையில் மாட்டும்) சுவிட்சுகளுக்குக் கார்டு கிடையாது. பச்சை நிற டெர்மினல் பிளாக்கில் வி1 பிளஸ், வி1 மைனஸ், வி2 பிளஸ், வி2 மைனஸ் என்று ஸ்குரூ இருக்கும். இரண்டு 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து (ஏ.சி.யை டி.சி.யாக்கும் பவர் சப்ளை) தனித்தனி ஜோடி வயர் வர வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.கள் இரண்டையும் வெளியே நேராக இணைத்து ஒரே ஜோடியாகக் கொண்டுவருவது தவறு. ஒன்று ஷார்ட் ஆனால் மற்றதும் விழும். சுவிட்சுக்குள்ளேயே மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு இருக்கிறது. இரண்டு இன்புட் இல்லாத மற்றக் கருவிகளும் பேனலில் இருந்தால், டையோடு வைத்த ரிடன்டன்சி மாட்யூல் ஒன்று வாங்கி நடுவில் போடலாம். சாதாரண டையோடு 0.7 வோல்ட், ஷாட்கி வகை 0.5 வோல்ட் அளவு தின்னும். 10 ஆம்பியர் ஓடினால் ஷாட்கியிலேயே 5 வாட் வெறும் சூடு. டையோடுக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் வைத்த மாட்யூல் இந்தச் சூட்டைப் பெருமளவு குறைக்கும்.

டையோடு வைத்த இணைப்பில் வோல்ட் கூடுதலாக உள்ள சப்ளையே முழு லோடையும் எடுக்கும். ஒன்று 24.5, மற்றொன்று 24.0 என்றால் இரண்டாவது சும்மா நிற்கும். சும்மா நிற்பது தவறில்லை. அது செத்துப் போனாலும் யாருக்கும் தெரியாது என்பதுதான் தவறு. அதற்குத்தான் சுவிட்சில் பழுதை வெளியே சொல்லும் ஃபால்ட் ரிலே இருக்கிறது. அதை ஹூட்டருக்கோ பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) இன்புட்டுக்கோ இழுத்து, பல மாடல்களில் ஆஃப் நிலையில் வரும் டிப் சுவிட்ச் என்ற குட்டி நெம்பை ஆன் செய்ய வேண்டும். ஆன் செய்ததும், இரண்டாவது சப்ளை இல்லாத இடத்தில் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கை அணைக்க வி1இலிருந்து வி2வுக்குச் சின்ன ஜம்பர் வயர் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். டெர்மினல் பிளாக்கில் அப்படி ஒரு துண்டு வயரைக் கண்டால், அந்தப் பேனலில் இரட்டைச் சப்ளை என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

இந்த வகைச் சுவிட்சில் பி.ஓ.இ. பிளஸ் வேண்டும் என்றால் ‘48 வோல்ட்’ எஸ்.எம்.பி.எஸ். வாங்கி அப்படியே மாட்டக் கூடாது. 30 வாட் வகைக்குச் சுவிட்ச் முனையில் குறைந்தது 50 வோல்ட் வேண்டும் என்பது தரம். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள சின்ன ஸ்குரூவைத் திருப்பி, லோடோடு, மல்ட்டிமீட்டரை வி1, வி2 டெர்மினலிலேயே வைத்து 54 வோல்ட் அளவுக்கு ஏற்றுங்கள். இரண்டையும் ஒரே அளவுக்கு. 57ஐத் தாண்டக் கூடாது. பகலில் ஓடி, ராத்திரி இன்ஃப்ராரெட் எரியும்போது மட்டும் அணைந்து எழும் கேமராவுக்குப் பல நேரம் இதுதான் காரணம். டெலிகாம் அறைகளில் உள்ள மைனஸ் 48 வோல்ட்டில் பிளஸ் முனைதான் எர்த். மைனஸை எர்த் செய்த பேனல் சப்ளையோடு அதைக் கலந்தால் நேராக ஷார்ட்.

வாங்கும்போது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு சப்ளைகளும் ஒரே வாட், ஒரே மாடலாக இருக்கட்டும். காற்று போகும் திசை இரண்டிலும், சுவிட்சின் ஃபேனிலும் ஒன்றாக இருக்க வேண்டும். சில கம்பெனிகள் நீலம், சிவப்பு என்று கைப்பிடி நிறத்தால் பிரித்திருப்பார்கள். எதிரெதிராக மாட்டினால் ஒன்று ஊதுவதை மற்றொன்று உறிஞ்சும், சுவிட்ச் சூடாகி அலறும். ஒன்றைத்தான் வாங்கினீர்கள் என்றால் காலி இடத்தில் மூடியைப் போடாமல் விடாதீர்கள். பெரிய சப்ளைகள் சிலவற்றில் வழக்கமான கம்ப்யூட்டர் கார்டு நுழையாது; நடுவில் பள்ளமுள்ள சி15 கார்டு வேண்டும், அதில் ஒன்று ஸ்பேர் இருக்கட்டும். ஒரு சப்ளையும் ஸ்பேர் இருந்தால் நல்லது. இரண்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே தூசியில் ஓடியவை; முதலாவது போனதும் இரண்டாவதன் மேல் லோடு இரட்டிக்கிறது.

சோதனை

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, யாரும் வேலை செய்யாத நேரத்தில், கான்ஃபிகரேஷனை சேவ் செய்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு லேப்டாப்பில் கேமரா, அக்சஸ் பாயின்ட், இன்டர்நெட் மூன்றுக்கும் தொடர் பிங் ஓடட்டும். முதலில் சுவிட்சின் மேலாண்மைத் திரையில் இரண்டு சப்ளைகளும் நலம் என்று பாருங்கள். ஒன்று ஏற்கெனவே செத்திருந்தால், உயிரோடிருப்பதைப் பிடுங்குவது உங்கள் கையாகத்தான் இருக்கும்.

ஏ பாதையைச் சுவிட்சின் கார்டில் பிடுங்காமல் டி.பி.யின் எம்.சி.பி.யிலேயே இறக்குங்கள், அப்போதுதான் முழுப் பாதையும் சோதிக்கப்படும். அந்தப் பாதையில் யூ.பி.எஸ். இருந்தால் அது பேட்டரிக்குப் போய்விடும் என்பதால், யூ.பி.எஸ்.ஸின் அவுட்புட்டையும் அணைக்க வேண்டும். எதெல்லாம் அணைகிறது என்று ரேக்கைச் சுற்றி நடந்து பாருங்கள். எதிர்பாராமல் அணையும் ஒவ்வொன்றும் தவறான ஸ்ட்ரிப்பில் செருகியது. எம்.சி.பி. சூடாக நேரம் கொடுத்து, முப்பது நிமிஷமாவது அப்படியே விடுங்கள். எச்சரிக்கை மெயிலோ மெசேஜோ யாருக்காவது வந்ததா என்று கேளுங்கள். வராவிட்டால், சப்ளை போன செய்தி அடுத்த சப்ளையும் போகும்போதுதான் தெரியவரும். எஸ்.என்.எம்.பி. ட்ராப், சிஸ்லாக் என்று சுவிட்ச் அனுப்பும் எச்சரிக்கைச் செய்திகள் இரண்டையும் யாராவது பார்க்கும் முகவரிக்கு அனுப்புங்கள், வேலையை விட்டுப் போனவரின் முகவரிக்கு அல்ல.

பிறகு ஏ பாதையை ஏற்றி, ஏ சப்ளையின் விளக்கு பச்சைக்குத் திரும்பும்வரை பொறுங்கள். ஆரஞ்சில் இருக்கும்போதே பி பக்கம் போய்விட்டால் சோதனையே விபத்தாகும். பச்சை வந்ததும் இரண்டு நிமிஷம் விட்டு, பி பாதையில் இதையே திரும்பச் செய்யுங்கள். முடிந்ததும் தேதியையும், முழு லோடில் யூ.பி.எஸ். காட்டிய வாட்டையும் ஒரு சீட்டில் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த முறை புதிதாக ஒரு கேமரா மாட்ட வருகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான்.